பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு வரி போடுங்கள்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். தடை சரிதான், ஆனால் அது மட்டும் போதாது. நியூசிலாந்தில் 2018-லேயே தடை வந்தது. அப்புறமும் 2021 வரை விலை ஏறிக்கொண்டேதான் போனது, ஏனென்றால் வட்டி குறைந்ததும் உள்ளூர் முதலீட்டாளர்களே வாங்கிக் குவித்தார்கள். எங்கள் எதிர் வீடு மூன்று வருடமாகப் பூட்டியே கிடக்கிறது, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. அதே தெருவில் நான்கு பேர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள்! பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் வசூலிப்பதுபோல், உரிமையாளர் எந்த நாட்டவராக இருந்தாலும் சரி, காலி வீட்டுக்கு ஆண்டுதோறும் வரி விதித்து, அந்தப் பணத்தில் குறைந்த வாடகை வீடுகளைக் கட்ட வேண்டும்.