மூன்றும் நான்கும் எங்கே? வரலாற்றுத் துப்பறியும் தொடரை வெளியிடும் பதிப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பகத்தாருக்கு,

வணக்கம்.

எந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்: பழைய லண்டனில் அச்சகம் நடத்தும் ஒரு விதவையும் ஒரு காவல்துறை இன்ஸ்பெக்டரும் கொலை வழக்குகளைத் துப்புத் துலக்கும் தொடர். முதல் இரண்டு பாகங்களைத் தமிழில் கொண்டுவந்தீர்கள். அடுத்ததற்காகக் காத்திருந்தோம். வந்ததோ ஐந்தாம் பாகம். அது ஐந்தாம் பாகம் என்று அட்டையில் ஒரு சொல் இல்லை, பின்னட்டையிலும் இல்லை. உரிமை விவரம் அச்சிடும் பக்கத்தில், பொடி எழுத்தில், மூல நூல் வெளியான ஆண்டுக்குப் பக்கத்தில் மட்டும் அந்தத் தகவல் இருக்கிறது. நாவல் வாங்குகிறவர் யாராவது அந்தப் பக்கத்திலிருந்தா படிக்கத் தொடங்குவார்?

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். விடுபட்ட மூன்றாம், நான்காம் பாகங்களை வெளியிடுங்கள். அவை வரும்வரை ஆறாம் பாகத்தைக் கொண்டுவர வேண்டாம்.

இதைப் பற்றிக் கேட்ட வாசகர்களுக்கு நீங்கள் சொன்ன பதிலையும் படித்தேன். "ஒவ்வொரு நாவலும் தனிக்கதை, எந்த வரிசையிலும் படிக்கலாம்" என்கிறீர்கள். கொலை வழக்குகள் தனித்தனிதான், ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பிணம், ஒரு விசாரணை, ஒரு குற்றவாளி. ஆனால் அச்சகம் நடத்தும் அந்த விதவைக்கும் அந்த இன்ஸ்பெக்டருக்கும் நடுவே நடப்பது ஒரே வழக்கு. அது முதல் பாகத்தில் தொடங்கி ஒவ்வொரு நாவலிலும் ஓர் அங்குலம் நகர்கிறது. நீங்கள் விட்டுவிட்டது அந்த வழக்கின் நடுப்பகுதியை.

இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். நீதிமன்றத் தாழ்வாரம். தீர்ப்பு வந்துவிட்டது, கூட்டம் கலைகிறது. அவள் எப்போதோ தவறவிட்ட கையுறையை அவர் கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறார். அவள் வாங்கிப் பார்க்கிறாள். சான்றுப் பொருளாக எடுத்து வைத்திருந்தால் அதில் எண் எழுதிய சீட்டு கட்டியிருக்க வேண்டும். சீட்டு இல்லை. கட்டியிருந்ததற்கான நூல் தடமும் இல்லை. மடிப்பு கலையாமல் இருக்கிறது. வழக்குக்கு அது எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை என்பதை அந்த ஒரு பார்வையில் அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். கண்டுபிடித்ததைச் சொல்லவில்லை. "நன்றி, இன்ஸ்பெக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்குகிறாள். பாகம் முடிகிறது.

இந்த வகை நாவல்களை நான் விரும்பிப் படிப்பதன் காரணம் முழுவதும் அந்தத் தாழ்வாரத்தில் இருக்கிறது. பிணத்தின் விரல் நகத்தில் ஒட்டியிருக்கும் மையைக் கவனிக்கிற அதே கண்தான் எதிரில் நிற்பவரின் மனத்தையும் படிக்கிறது. அவள் கெட்டிக்காரி என்று ஆசிரியர் எங்கும் எழுதுவதில்லை, அவள் கண் போகும் இடத்தைக் காட்டுகிறார். காதலும் அங்கே துப்புத் துலக்கல்தான். ஒரு தயக்கம், ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டது, தேவையில்லாமல் இரண்டாவது முறை வாசல்வரை வந்தது என்று தடயங்களைச் சேர்த்துச் சேர்த்து நாமும் அவளோடு முடிவுக்கு வருகிறோம். மெல்லக் கனியும் காதலில் வாசகருக்குக் கிடைக்கும் பெரிய இன்பம் அந்தச் சேர்த்தல். அதை நம் கையிலிருந்து பறித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கல்யாணச் செய்தி.

நீங்கள் கொடுத்தது அந்தச் செய்தியைத்தான். ஐந்தாம் பாகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் நாளிதழ் படிக்கிறார். அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். "நம் கல்யாணத்தன்று பெய்த மழை" என்று ஒரு பேச்சு வருகிறது. இரண்டு பாகம் முழுக்க "நீங்கள்" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் "நீ, வா, போ" என்று பேசுகிறார்கள். அவருடைய இடது தோளில் ஒரு பழைய காயம் இருக்கிறதாம், குளிர் வந்தால் வலிக்கிறதாம். யார் சுட்டது? அவள் அப்போது எங்கே இருந்தாள்? முதலில் மனம் திறந்தது யார்? அந்தக் கையுறையைப் பற்றி அவள் ஒருநாளாவது கேட்டாளா? மூல ஆசிரியர் இதையெல்லாம் எழுதிவிட்டார். அச்சிடாமல் விட்டது நீங்கள்.

இதைவிட வருத்தமான ஒன்று உண்டு. ஐந்தாம் பாகத்தின் நடுவில், போகிற போக்கில், மூன்றாம் பாகத்தின் கொலையாளியை அவள் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறாள். ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. வரிசையாகப் படித்து வந்தவருக்கு அது பழைய நண்பர்களுக்கு இடையிலான பேச்சு. நமக்கோ, இன்னும் கண்ணால் பார்க்காத ஒரு நாவலின் கடைசிப் பக்கம். நாளை நீங்கள் மூன்றாம் பாகத்தை வெளியிட்டாலும், ஐந்தாம் பாகம் படித்த ஒருவர் அதில் அந்த ஆள் நுழைந்த உடனேயே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு படிக்க வேண்டியதுதான். அந்த இழப்பை இனி யாராலும் சரிசெய்ய முடியாது. இன்னும் ஐந்தாம் பாகத்தைத் தொடாதவர்களையாவது காப்பாற்றலாம்.

"காதல் பகுதி கொஞ்சம் விட்டுப்போனால் என்ன, வரலாறும் மர்மமும் இருக்கிறதே" என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைத்திருக்கலாம். அந்த எண்ணத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடரில் வரலாறு காதலுக்குள்தான் இருக்கிறது.

கதை தொடங்குவது 1880-இல், லண்டனில். காவல்துறையின் குற்றப் புலனாய்வுத் துறை உருவாகி இரண்டே வருடம். 1877-இல் மூத்த துப்பறியும் அதிகாரிகளே லஞ்ச ஊழலுக்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அதற்குப் பிறகு பழைய பிரிவைக் கலைத்து 1878-இல் உண்டாக்கியது இந்தத் துறை. நம் இன்ஸ்பெக்டரை யாரும் நம்பாததற்கும், அவர் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசுவதற்கும் காரணம் அதுதான். அவளுக்கோ அந்தத் துறையின் வாசலே கிடையாது. லண்டன் பெருநகரக் காவல்துறை பெண்களை எடுத்துக்கொண்டது 1919-இல். எனவே அவள் எதைக் கண்டுபிடித்தாலும் அது அவர் வாய் வழியாகத்தான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இருவரும் சந்திப்பதற்கும் சண்டை போடுவதற்கும் அந்தக் காலமே காரணம் தந்துவிடுகிறது.

இரண்டாம் பாகத்தில் மருந்துக்கடைப் பதிவேடு வருமே, அதையும் சொல்ல வேண்டும். ஆர்சனிக் விற்பனைக்கு இங்கிலாந்தில் 1851-இல் ஒரு சட்டம் வந்தது. வாங்குபவர் பெயர், முகவரி, எதற்காக என்பதைக் கடைக்காரர் ஏட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு விற்பதானால் இருவரையும் அறிந்த ஒரு சாட்சி வேண்டும். சில்லறையாக விற்கும் நஞ்சில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்திருக்க வேண்டும், வெள்ளைப் பொடி என்று யாரும் ஏமாந்துவிடாமல் இருக்க. அந்த ஏட்டை இன்ஸ்பெக்டர் பெயர் தேடிப் படிக்கிறார். அவள் அச்சகக்காரி. மையைப் பார்க்கிறாள். ஒரு வரி மட்டும் பின்னால் எழுதிச் சேர்த்தது என்று கண்டுபிடிக்கிறாள். அவர் ஏட்டை அவள் பக்கம் திருப்பி வைக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அதுவரை எந்த ஆணும் எந்த ஏட்டையும் அவள் பக்கம் திருப்பி வைத்ததில்லை.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். அவள் தயங்குவது வெட்கத்தால் அல்ல, சட்டத்தால். விதவையாக இருக்கும்வரை அச்சகம் அவளுடையது. அன்றைய இங்கிலாந்தில் அவள் மறுமணம் செய்துகொண்டால், தனி ஏற்பாடு எதுவும் செய்துவைக்காத பட்சத்தில், எந்திரமும் எழுத்துகளும் காகிதக் கட்டும் கணவனின் சொத்து. 1870-இல் வந்த சட்டம் மணமான பெண்ணுக்கு அவள் உழைத்துச் சம்பாதித்த பணத்தைத் தந்தது. தன் உடைமையைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1883 ஜனவரி முதல் தேதி. இரண்டாம் பாகம் முடியும்போது வருடம் 1881. ஐந்தாம் பாகம் தொடங்கும்போது 1884. அந்தச் சட்டம் வந்த காலம் முழுவதும் நீங்கள் விட்டுவிட்ட இரண்டு பாகங்களுக்குள் இருக்கிறது! சட்டம் வரட்டும் என்று அவள் காத்திருந்தாளா? அவரும் சேர்ந்து காத்திருந்தாரா? அல்லது சட்டத்தைப் பொருட்படுத்தாமல் முன்னாலேயே துணிந்துவிட்டாளா? இந்த மூன்றில் எது நடந்தது என்பதைப் பொறுத்து அவள் மூன்று வேறு பெண்கள். யாரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் ஐந்தாம் பாகத்தைப் படித்து முடித்தோம்.

வரிசைக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்டால் ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் டோரதி சேயர்ஸைப் பாருங்கள். அவர் தன் சமகாலத்தைத்தான் எழுதினார், இன்று நமக்கு அது வரலாறு. கொலைக்குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருக்கும் ஹாரியட் வேன் என்ற எழுத்தாளரிடம், 1930-இல் வந்த நாவலில், அவருடைய துப்பறிவாளர் பீட்டர் விம்ஸி முதல் சந்திப்பிலேயே தன்னை மணந்துகொள்ளக் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். உயிரைக் காப்பாற்றியவர் மீதுள்ள நன்றிக்கடனை அவளால் காதலாக மாற்றிக்கொள்ள முடியவில்லை. 1932-இல் ஒரு நாவல், 1935-இல் ஆக்ஸ்போர்டில் நடக்கும் இன்னொன்று. அவர்களுடைய மணவாழ்க்கை தொடங்குவது 1937-இல்தான். நடுவிலிருக்கும் இரண்டையும் எடுத்துவிட்டு முதலையும் கடைசியையும் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? சிறையில் மறுத்தவள் அடுத்த புத்தகத்தில் மணப்பெண். அந்த ஆக்ஸ்போர்டு நாவலில்தான் அவள் தன் வேலையையும் தன் மனத்தையும் ஒன்றாக நிறுத்தி எடை போடுகிறாள். ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியதே 1920-இல், அப்போது பட்டம் பெற்றவர்களில் சேயர்ஸும் ஒருவர். அந்தத் தயக்கத்தை அவர் எங்கிருந்து எடுத்து எழுதினார் என்பது தெரிந்தால் அதில் ஒரு பக்கத்தைக்கூடத் தள்ள மனம் வராது.

உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, பதிப்புலகம் முழுக்கவே இப்படி ஒரு பார்வை இருக்கிறது. பெண் துப்பறிந்தால் அது இலகுவான வாசிப்பு. அதில் காதலும் இருந்துவிட்டால் பொழுதுபோக்கு. மர்ம நாவல் விமர்சகர் காதலைத் தாண்டிப் போகிறார், வரலாற்று நாவல் விமர்சகர் கொலையைத் தாண்டிப் போகிறார். அட்டைக்கு வந்தால், தொடர் முழுவதும் மூளையால் வேலை செய்யும் ஒருத்தியை முதுகு காட்டி, கையில் விளக்கோடு, முகமே இல்லாமல் நிற்க வைக்கிறார்கள். அவள் ஒருமுறைகூட விளக்கோடு இருட்டில் ஓடியதில்லை. பின்னட்டையில் முதல் நூறு பக்கத்தின் திருப்பங்களை எல்லாம் கொட்டிவிட்டு "அவள் காதல் கைகூடுமா?" என்று ஒரு கேள்வி. ஆண் துப்பறிவாளரின் தொடர் என்றால் முதுகில் வரிசை எண் போட்டு, அலமாரியில் அடுக்கினால் அழகாக இருக்கும்படி ஒரே அளவில் அச்சிடுகிறார்கள். இந்தத் தொடரில் உங்கள் மூன்று புத்தகங்களும் மூன்று உயரம். இவற்றைப் படிக்கிறவர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்ற நினைப்பு அந்த உயரங்களிலேயே தெரிகிறது. நாங்கள் அப்படி வாங்கிக்கொள்கிறவர்கள் இல்லை. ஓர் ஏட்டில் மையின் நிறம் மாறியதைக் கவனிக்கும் நாயகியோடு பழகியவர்கள், இரண்டு பாகம் காணாமல் போனதைக் கவனிக்காமலா இருப்போம்?

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரைத் தமிழுக்குக் கொண்டுவந்ததே நீங்கள்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அச்சுக்கோக்கும் இடங்களில் தொழில் சொற்களைத் தேடிப் போட்டிருக்கிறார். கையுறைக் காட்சியில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. அந்தக் கையால் மூன்றாம், நான்காம் பாகங்களையும் படிக்க ஆசைப்படுகிறோம், அதுதான் இந்தக் கடிதத்தின் அடிப்படை.

ஐந்தாம் பாகத்தை முதலில் கொண்டுவர உங்களுக்கு வியாபாரக் காரணம் இருந்திருக்கலாம். உரிமை கிடைப்பதில் சிக்கல் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், காத்திருக்கச் சொன்னால் காத்திருப்போம். காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம்தான், இந்த வகைக் காதலை விரும்புகிறவர்கள் நாங்கள். ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிய வேண்டும்.

எனவே மறுபடியும் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம், நான்காம் பாகங்களை, அந்த வரிசையிலேயே, வெளியிடுங்கள். ஆறாம் பாகம் அவற்றுக்குப் பிறகு வரட்டும். ஐந்தாம் பாகத்தின் மறுபதிப்பில் முன்னட்டையிலேயே "ஐந்தாம் பாகம்" என்று போடுங்கள். இப்போது விற்பனையில் இருக்கும் பிரதிகளில், முதல் பக்கத்துக்கு முன்னால், "இதற்கு முந்தைய இரு பாகங்கள் தமிழில் இன்னும் வெளிவரவில்லை, அவற்றின் முடிவுகள் இந்த நூலில் பேசப்படுகின்றன" என்று ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டுங்கள். மூன்றாம் பாகத்தின் பின்னட்டையை எழுதும்போது குற்றவாளியின் தொழிலைக் குறிப்பிடாதீர்கள், அதுவே போதும், கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இத்தொடரின் முதல் இரண்டு பாகங்களையும் திரும்பத் திரும்பப் படிக்கும் ஒரு வாசகி