கதை கேட்டவருக்கும் பங்கு உண்டு

ஆசிரியருக்கு,

குணச்சித்திர நடிகர்கள் பற்றிய கட்டுரையில் டி.எஸ்.பாலையாவை ஒரே வரியில் கடந்துபோயிருக்க வேண்டாம். நாடகக் கம்பெனியிலிருந்து வந்து, எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி'யிலேயே (1936) வில்லனாக அறிமுகமானவர் அவர்.

'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லோரும் நாகேஷ் கணக்கிலேயே எழுதுகிறார்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். பணக்காரத் தோரணையோடு கேட்க ஆரம்பித்தவர் படிப்படியாக வெலவெலத்துப் போகிறார். எடுத்த எடுப்பிலேயே பயந்திருந்தால் கதை ஏறுவதற்கு இடமே இருந்திருக்காது. சிரிப்பும் பாதியிலேயே நின்றிருக்கும்.

'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதர் வேறு ரகம். 'ஒரு நாள் போதுமா' பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். வாயை மட்டும் அசைத்தால் அந்தப் பாட்டு ஒட்டாது. பிருகா (வேகமாகச் சுழலும் ஸ்வரக் கோவை) விழும் முன்பே மூச்சு இழுக்க வேண்டும், கழுத்து நரம்பு புடைக்க வேண்டும். அதோடு வித்துவச் செருக்கும் வேண்டும். மூன்றும் அவரிடம் இருந்தன. செருக்கு அவ்வளவு உயரத்தில் இருந்ததால்தான், விறகுவெட்டியாக வந்த சிவனின் பாட்டைக் கேட்டு இரவோடு இரவாக மதுரையை விட்டு ஓடுவது நம்பும்படி இருக்கிறது.

மூன்றே ஆண்டுகளில் 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர். அதற்குத் தனிக் கடிதம்தான் எழுத வேண்டும்.

- ஒரு வாசகர்