பசையில் குளித்த பிக்கப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாப்பிள்ளையின் பழைய பிளாஸ்டிக் பிக்கப் மாடலை நீ எடுத்து அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இந்தக் கண்ராவியை யார் இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்தது?" என்றாள். மாப்பிள்ளை பத்து வயதில் ஒட்டியது என்று சொன்னேன். "கலர் நல்லாத்தான் இருக்கு" என்று உடனே மாற்றிக்கொண்டாள்.

எனக்கு அந்தக் கூச்சம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். பசை ட்யூபை மொத்தமாகப் பிதுக்கியிருக்கிறார். கதவுக்கோடு பெயிண்டில் மூழ்கிவிட்டது. இடது முன் சக்கரம் தரையில் படவில்லை. பம்பர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பத்து வயதில், ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தால் யாருக்கும் வண்டி இப்படித்தான் வரும். ஆனால் ஒன்று கவனித்தாயா, எதையும் அவர் உடைக்கவில்லை. பின்கதவும் ஒரு ஹெட்லைட்டும்தான் காணோம், மற்றதெல்லாம் இருக்கிறது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, செல்லரிக்காது. பரணில் வெயில் படாமல் கிடந்திருந்தால் உள்ளே இருப்பது அன்றைக்கு அச்சிலிருந்து வந்த அதே பிளாஸ்டிக்தான். ஆகவே, "தேறுமா அப்பா?" என்ற உன் கேள்விக்குப் பதில், தேறும்.

அவருக்குத் தெரியாமல் செய்து பரிசாகக் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அது வேண்டாம். பழைய கிட்டை, அதாவது பாகம் பாகமாக ஒட்டிச் செய்த மாடலை, சீர் செய்வது என்றால் பாதி வேலை, முன்னே ஒருவர் செய்ததை அழிப்பது. எதை அழிக்கலாம், எதை விட்டுவைக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் உயிரோடு, அடுத்த அறையிலேயே இருக்கிறார். அந்த நீலக் கலர் அவரே கலந்ததாக இருக்கலாம். வண்டியின் அடிச்சட்டமான சேஸியின் அடியில் கம்பியால் கிறுக்கியிருக்கும் எழுத்து படத்தில் மங்கலாகத் தெரிகிறது. அதை நீ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் திரும்ப வராது. கேட்டுவிட்டு ஆரம்பி.

இது என்ன வண்டி என்று முதலில் தெரிந்துகொள். மூக்கைப் பார்த்தால் 1953-இல் வந்த ஃபோர்டு எஃப்-100 வகை. அதுவரை எஃப்-1 என்று இருந்த பெயரை அந்த ஆண்டுதான் மாற்றினார்கள். 1956 வண்டி என்றால் முன்கண்ணாடி பக்கவாட்டிலும் சுற்றி வளைந்து வரும், கதவோரத் தூண் செங்குத்தாக நிற்கும். உன்னுடையதில் தூண் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, அதனால் அதற்கு முந்தையது. 1953 என்றால் இன்னொரு விஷயம்: அது ஃபோர்டு கம்பெனியின் 50-ஆம் ஆண்டு. அந்த வருஷத்து வண்டிகளில் ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் ஹாரன் பட்டனில் 1903–1953 என்று பொறித்திருப்பார்கள். உன் கிட்டில் அந்த வட்டம் கடுகளவுதான் இருக்கும், எழுத்தெல்லாம் எதிர்பார்க்காதே. நிஜ வண்டியின் படங்களைத் தேடும்போது 1953-க்கும் அடுத்த வருஷங்களுக்கும் மூக்கில் இருக்கும் கம்பித் தட்டியான கிரில் மாறும், அதில் ஏமாந்துவிடாதே. இஞ்சினும் அப்படித்தான். 1953-இல் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இஞ்சின், என்றால் வால்வு பக்கவாட்டில் இருக்கும் பழைய பிளாட்ஹெட். மேலே வால்வு வைத்த வி8 1954-இல்தான் வந்தது.

அளவு 1/25, அதாவது நிஜ வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, என்று நினைக்கிறேன். நீளம் அளந்து பார், சுமார் 19 சென்டிமீட்டர் வந்தால் அதேதான். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பல விஷயம் தானாகப் புரியும். அங்கே 1 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் இரண்டரை சென்டிமீட்டர். பெயிண்ட் முடி கனத்துக்குத் தடித்தாலே நிஜ வண்டியில் இரண்டு மில்லிமீட்டர் தார் பூசிய மாதிரி. கதவுக்கோடு ஏன் காணாமல் போயிற்று என்று இப்போது தெரிகிறதா?

இனி பிரிக்கிற கதை. பொறுமை முழுவதும் இங்கேதான் செலவாக வேண்டும். பிளாஸ்டிக் மாடல் பசை சாதாரணப் பசை போல நடுவில் உட்கார்ந்து ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். உண்மையாகக் கரைந்து சேர்ந்த இடத்தைப் பிரிக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். ஆனால் சின்னப் பையன்கள் முதலில் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துவிட்டு அதன் மேலேயே பசை வைப்பார்கள். குரோம் பூச்சின் மேலும் அப்படியே வைப்பார்கள். அங்கே பசை பிடித்திருப்பது பெயிண்டையும் பூச்சையும்தான், பிளாஸ்டிக்கை இல்லை. பார்க்கப் பயங்கரமாகக் குவிந்திருக்கும், நகத்தால் நெம்பினால் சில்லென்று வந்துவிடும். மாப்பிள்ளையின் பம்பர் அந்த ரகம் என்று பந்தயம் கட்டுகிறேன்.

முதலில் வண்டியை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வை. சூப்பர் க்ளூ போட்ட இடங்கள் குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே எடுத்ததும் மழுங்கிய கத்தி முனையை இணைப்பில் வைத்து, தள்ளாமல், மெல்லத் திருகு. டப் என்று சத்தம் வரும். வரவில்லை என்றால் விட்டுவிடு, திரும்ப ஃப்ரீசர். வம்பு பண்ணினால் பசை விடாது, பக்கத்தில் இருக்கும் மெல்லிய தூண் முறியும். கேபினின் கூரையைத் தாங்கும் அந்த இரண்டு முன்தூண்கள்தான் இந்த வண்டியிலேயே பலவீனமான இடம். கேபினைப் பிடிக்கும்போது கூரையைப் பிடிக்காதே, அடிப்பக்கம் பிடி.

குளிருக்கும் மசியாததைப் பெயிண்ட் நீக்கும் ஊறலில் போட்டால் பாதி கழன்றுவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ளது, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி ஊற வை. மறுநாள் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய். அந்த நீலம் பழைய எனாமல் என்றால் ஆல்கஹாலுக்கு அடங்காது, பிரேக் ஆயில் கேட்கும். அது பெயிண்டைச் சுருள் சுருளாக உரித்துவிடும், பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஆல்கஹால் பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. அசிட்டோன், தின்னர் இரண்டையும் கிட்டவே கொண்டுவராதே. பெயிண்டோடு வண்டியும் கரைந்து போகும். குரோம் உரிந்த பம்பரையும் கிரில்லையும் தனி டப்பாவில் வீட்டு பிளீச்சில் போடு, அந்த வெள்ளிப் பூச்சு போய்விடும். பிளீச்சையும் ஆல்கஹாலையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே பாத்திரத்தில் சேர்க்காதே, விஷம் உண்டாகும். இதைத் தனியாக ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்.

இத்தனைக்கும் மசியாமல் மிச்சம் நிற்பதுதான் அறுக்க வேண்டியது. மெல்லிய பல் ரம்பம் ஒன்று வாங்கிக்கொள். சேஸியையும் பின்னால் சுமை ஏற்றும் தொட்டியையும் பிரிக்க அது தேவைப்படும்.

அப்புறம் கூரை. கூரையின் வலது பக்கம் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. பசைக் கையோடு பிடித்திருக்கிறார், பிளாஸ்டிக் இளகி ரேகையை அப்படியே வாங்கிக்கொண்டது. அதை விட்டுவைக்கலாமா என்று கேட்கிறாய். உன் ஆசை புரிகிறது, ஆனால் கணக்குப் பார். ஒன்றரை சென்டிமீட்டர் ரேகை 1/25-இல் நிஜ வண்டியின் கூரையில் ஒரு முறம் அகலத்துக்குப் பள்ளம். கலர் அடித்த பிறகு பார்க்கிறவர் கண் வேறு எங்கும் போகாது. என் அபிப்பிராயம், கூரை ரேகை போகட்டும், அடியில் கிறுக்கிய எழுத்து இருக்கட்டும். முடிவு அவருடையது.

எடுப்பது என்றால் அதற்கும் முறை இருக்கிறது. மேடாக நிற்பதை முதலில் 400 நம்பர் வாட்டர் பேப்பரால், தண்ணீர் தொட்டு, ஒரு சின்னக் கட்டையில் சுற்றித் தேய். விரலால் தேய்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். மிச்சப் பள்ளத்துக்குப் பட்டி. கடைப் பட்டியை விட எனக்குப் பிடித்தது வீட்டிலேயே செய்வது: கிட்டில் பாகங்கள் கோர்த்து வரும் பிளாஸ்டிக் கொடியைப் பொடியாக நறுக்கி, திரவ மாடல் பசைக் குப்பியில் போட்டு மூடி வைத்தால் கரைந்து பாகுப் பதத்துக்கு வரும். அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது சுற்றியுள்ள இடத்தோடு ஒரே கடினமாக இருக்கும், விளிம்பு தெரியாது. ஒரே குறை, காய நாளாகும். அவசரப்பட்டு இரண்டாம் நாளே தேய்த்து மட்டம் செய்தால், கலர் அடித்து மாதம் கழித்து அந்த இடம் சுருங்கி உள்வாங்கும். ஒரு வாரம் மறந்துவிடு. அதற்குள் கதவுக்கோடுகளை ஊசிமுனையாலோ கத்தியின் முதுகாலோ கீறி மீட்டுவிடலாம். கோட்டின் ஓரமாக ஒரு தடித்த டேப் ஒட்டி, அதில் சாய்த்து, அழுத்தாமல் பல தடவை இழு. ஒரே இழுப்பில் ஆழம் பார்க்காதே.

கண்ணாடிக்கு அதிகம் மெனக்கெடாதே. பசை பட்டு வெந்துபோன கண்ணாடியை 2000 நம்பர் வரை தேய்த்து மெருகேற்றலாம், ஆனால் உன்னுடையது அந்த நிலை தாண்டிவிட்டது. வளைவு லேசுதான், தெளிவான மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டிப் போடு. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை போதும். சூப்பர் க்ளூவின் ஆவியே கண்ணாடியில் பனி படிய வைத்துவிடும்.

பின்கதவு வெறும் தட்டைப் பலகைதான், ஸ்டைரீன் தாளில் வெட்டிக்கொள்ளலாம். காணாமல் போன ஹெட்லைட்டுக்கு இருக்கிற ஒன்றைக் களிமண் அச்சு எடுத்து ரெசின் வார்க்கலாம், பொறுமை இல்லையென்றால் வேறு கிட்டில் மிச்சமானதைப் பொருத்தலாம். பழைய டயரைத் தனி டப்பாவில் வை. அந்த மெத்தென்ற வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

சக்கரம் தரையில் படாததற்குக் காரணம் சக்கரத்தில் இல்லை. சேஸி முறுக்கிக்கொண்டிருக்கிறதா பார். ஒரு கண்ணாடித் தட்டின் மேல் வெறும் சேஸியை வைத்து மூலைகளை விரலால் தட்டு, எந்த மூலை ஆடுகிறதோ அங்கேதான் கோளாறு. கை தாங்குகிற சூட்டை விடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் முக்கி, கிடுக்கியால் எடுத்து, எதிர்ப்பக்கம் திருகி, குளிர்ந்த நீரில் பிடி. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். 100 டிகிரி பக்கத்தில் ஸ்டைரீன் தளர்ந்து உருவம் விட்டுப் போகும். பழைய கிட்கள் பலவற்றில் முன் ஆக்சில் கம்பி இஞ்சினுக்குள்ளேயே புகுந்து போகும். அதனால் இஞ்சின் கோணலாக உட்கார்ந்திருந்தாலும் முன் சக்கரம் தூக்கும்.

கடைசியில் கலர். ஷோரூம் வண்டி மாதிரி பளபளவென்று செய்வதா, உழைத்த வண்டி மாதிரி செய்வதா என்று இரண்டு மனதாக இருக்கிறாய். பிக்கப் என்பது சுமை வண்டி, உழைத்த மாதிரி செய்வதே எனக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. துருவை வைத்து அரைகுறை டிங்கரிங்கை மறைக்காதே. நிறையப் பேர் செய்வது அதுதான். பசை வழிந்த இடத்தில் பழுப்புப் பெயிண்டைத் தடவிவிட்டு, பழைய வண்டி என்பார்கள். துரு நினைத்த இடத்தில் வராது. தண்ணீரும் சேறும் தங்குகிற இடத்தில் வரும்: சக்கர வளைவின் உள்விளிம்பு, கேபினின் கீழ்மூலைகள், கதவின் அடி, கூரையைச் சுற்றித் தண்ணீர் வழியும் வாய்க்காலின் ஓரம். பெயிண்ட் தேய்வது வேறு கதை, அது கையும் காலும் சுமையும் படும் இடம்: ஓட்டுநர் பக்கத்துக் கால்படி, கதவுக் கைப்பிடியைச் சுற்றி, பின்கதவின் மேல்விளிம்பு, தொட்டியின் உள்சுவர். போனெட்டின் நடுவில் காரணமே இல்லாமல் துரு இருந்தால் வண்டி பழசாகத் தெரியாது, நோய் வந்த மாதிரி தெரியும். உடம்பை ஷோரூம் வண்டிக்குச் செய்வது போலவே மட்டமாகச் செய், அதன் மேல் வயதை ஏற்று.

தேய்ந்த பெயிண்டுக்கு எளிய வழி உண்டு. துரு நிறம் முதலில், அது நன்றாகக் காய்ந்ததும் அதன் மேல் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே, அதன் மேல் அக்ரிலிக் நீலம். அரை மணி கழித்து ஈரப் பிரஷ்ஷால் குத்தினால் நீலம் சில்லுச் சில்லாகப் பெயரும். எனாமலில் இது நடக்காது.

தொட்டியின் தரையை ஒரே நிறத்தில் அடித்துவிடாதே. அந்த வண்டியில் தரை மரப்பலகை, பலகைகளுக்கு நடுவே இரும்புப் பட்டைகள். வெளிறிய மணல் நிறம் அடித்து, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷில் பழுப்பும் சாம்பலும் தொட்டு நீளவாக்கில் இழு, ஒவ்வொரு பலகைக்கும் கொஞ்சம் மாற்று. பட்டைகளின் நடுவில் மட்டும் பென்சில் கரித்தூளை விரலால் தேய்த்தால், பெட்டிகளை இழுத்து இழுத்து மினுங்கிப் போன இரும்பு மாதிரியே வரும். நீ இதில் ஒரு சாயங்காலம் செலவழித்தால் தப்பில்லை, பார்க்கிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது தொட்டியைத்தான்.

பிளாஸ்டிக்கின் நிறம் சிவப்பு என்றால் முதலில் ஒரு கை வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிடு. இல்லாவிட்டால் சிவப்பு மேலே கசிந்து வெளிர் நிறங்களை ரோஸ் ஆக்கிவிடும்.

சாம்பல் பிரைமர் அடித்தவுடன் பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் சாய்த்து நாலைந்து படம் எடுத்து அனுப்பு. என்ன குறை இருந்தாலும் அதில் தெரியும், சரி செய்யவும் முடியும். கலர் அடித்த பிறகு அனுப்பினால் நானும் அம்மாவைப் போல "கலர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல வேண்டியதுதான்.

மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு, பிரிக்கும் வேலைக்கு அவரையும் உட்கார வை. எங்கெங்கே பசை வைத்தார் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
அப்பா