மக்களின் வேலையா, மண்டகப்படியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 'வழிபாட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான லித்தூர்கியா என்றால் மக்களின் வேலை. ஆகவே பூசையில் எல்லோரும் சத்தமாகப் பாட வேண்டும்' என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை. பாடுவதில் ஆட்சேபம் இல்லை. பாடகர் குழுவில் 31 வருடம் தொண்டை கிழியப் பாடியவன் நான். அந்த 'ஆகவே'தான் உறுத்துகிறது.

அது மக்கள் செய்த வேலை அல்ல, மக்களுக்காக ஒருவர் கைக்காசு போட்டுச் செய்தது. பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் நாடகப் போட்டி வந்தால் பாடற்குழுவைத் திரட்டி, சோறு போட்டு, உடை தைத்துக் கொடுக்கும் செலவு ஒரு பணக்காரர் தலையில் விழும். இன்னொருவர் தலையில் ஒரு வருடத்துக்குப் போர்க்கப்பல். கி.மு. 472இல் நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகத்துக்குச் செலவழித்தவர், பின்னாளில் ஏதென்ஸின் பெருந்தலைவரான பெரிக்ளிஸ். நம்மூரில் இதன் பெயர் மண்டகப்படி. தங்களுக்குத் தெரியாததா?

'என்னைவிட அவன் வசதிக்காரன்' என்று அங்கே ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டலாம். அவர் செலவை ஏற்க வேண்டும், இல்லையென்றால் இருவரும் சொத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் மறுத்தால் வழக்கு. எங்கள் திருவிழாக் கமிட்டியில் இதைச் சொன்னேன். வருடாவருடம் நழுவும் ஒருவர் டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்றாம் திருவிழாச் செலவு அப்பா காலம் முதல் எங்கள் வீட்டுடையது. ஒரு வருடம் வாழைக்குலை விற்ற பணம் போதாமல் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. டியூப்லைட்டில் பெயர் எழுதச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. பாடற்குழுவுக்குச் செலவழித்து வென்ற லைசிக்ரட்டீஸ் நட்ட நினைவுச்சின்னம் 2300 வருடம் தாண்டியும் ஏதென்ஸில் நிற்கிறது. அவர் டியூப்லைட் பரம்பரை போலும்.

எருசலேம் ஆலயக் குருக்களின் பணிக்கு இச்சொல்லை எடுத்தாண்டவர்கள் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள். பலிபீடத்துக்கு அது வந்த வழி அதுதான். ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையையும் பவுல் இதே சொல்லால்தான் குறிக்கிறார் (2 கொரிந்தியர் 9:12). சத்தமாகப் பாடச் சொல்பவர்கள் அந்த வசனத்தை மட்டும் மெதுவாகத் தாண்டிவிடுகிறார்கள்.

ரோமர் ஆண்ட எகிப்தில் அதே சொல் கட்டாய வேலைக்குப் பெயரானது. திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. என் பாட்டி அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பாள். 2019இல் இதை எழுதி அனுப்பினேன். பாட்டியை வெட்டிவிட்டு, துணுக்காகப் போட்டீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் 'மக்களுக்கான பணி' என்று ஒரு வரித் திருத்தம். அப்படியே சந்தா உறையில் என் தலைப்பெழுத்தையும். நான்கு வருடமாக வேறு யாரோ அப்பா பெயரில் எனக்கு இதழ் வருகிறது.

தங்கள்,
பழைய சந்தாதாரர்,
நாகர்கோவில்.