அகராதியில் தேடிய சொல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாதம் நீ அனுப்பிய ஒற்றை வரிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதிலிருந்த ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடினேன். 'கால்' (gall). தமிழில் எழுதினால் நடக்கிற காலாகிவிடுகிறது; அங்கே அது பித்தநீர். அதன் கசப்பிலிருந்து மனக்கசப்பு, வன்மம் என்று பொருள் விரிந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கர்கள் அதையே 'என்ன நெஞ்சழுத்தம்!' என்னும் பொருளில் பேசத் தொடங்கினார்களாம். நீ எந்தப் பொருளில் எழுதினாய் என்று விளங்கிவிட்டது. உன்னைக் கேட்காமல் மாப்பிள்ளைக்குப் போன் செய்தது நெஞ்சழுத்தம்தான். ஆனால் அவர் குரல் சரியாக இல்லை. இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு படு.

அத்தோடு அகராதியை மூடியிருக்கலாம். அதே எழுத்துகளில், லத்தீன் வழி வந்த இன்னொரு சொல்லும் இருக்கிறது. கருவாலி மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிட, மரம் அதைச் சுற்றி வளர்க்கும் புடைப்பு. நம் மாசிக்காய்தான். அதனுடன் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்து ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மை செய்தார்கள். எழுதும்போது வெளிறியிருக்குமாம், காற்றுப் பட்டபின் கறுக்குமாம். நாளடைவில் தாளையே அரித்துவிடுவதும் உண்டாம்.

சேணம் உரசிக் குதிரையின் முதுகில் வரும் புண்ணுக்கும் இதே சொல். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசினால் வருவது. இதை வாய்விட்டுப் படித்தபோது அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாப்பாட்டைப் பற்றி மேலே எழுதிவிட்டேன், இல்லையா?

பித்தத்திலிருந்து அவர்களுக்குத் துணிச்சல் வந்தது, நமக்குப் பித்து வந்தது. பெற்ற மனம் பித்து என்பாள் அம்மா, மீதியைச் சொல்லமாட்டாள். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கிவைத்து, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்குகிறது. சிலருக்கு அங்கேயே கல்லாகிவிடுகிறது.

அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். 11 ஆண்டுகளுக்கு முன், பெரியப்பா முன்னிலையில், 'உனக்கு எவ்வளவு திமிர்' என்று கேட்டேனே. என் தமிழ்தான் உன் ஆங்கிலத்தில் திரும்பி வந்திருக்கிறது. அன்றிரவு உன் அறை வாசல்வரை வந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டக் கை எழவில்லை. மகளிடம் போய் நிற்பதா என்று இருந்தது. காலையில் நீ கிளம்பிவிட்டாய். அந்தத் திமிரால்தான் இந்த வேலையில் இருக்கிறாய் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். உன்னிடம் மட்டும் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தில் மூன்று இடங்களில் 'நீங்கள் இருவரும்' என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது தெரியும். விளக்கம் வேண்டாம். அடுத்த கடிதத்தில் எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் சொல்.

அப்பா