செம்பு ஏன் ஆகவில்லை என்று கேட்டாயே

பாளையங்கோட்டை,
ஆனி மாதம்.

அன்பு நண்பா,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகையும் வந்து சேர்ந்தன. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் என்று படித்ததும் இவளைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியமே வந்துவிடுவோம். இவளுக்கு இடுப்பு வலி இப்போது பரவாயில்லை. போன மாதம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. அந்த ஸ்கேன் அறையைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், அது பிறகு.

முதலில் உன் கேள்வி. "வெள்ளியை விட்டால் செம்புதான் சிறந்த கடத்தி. அலுமினியம் கூட மீக்கடத்தி ஆகிறதாம், செம்பு ஏன் ஆகவில்லை?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்துவதுதானே மீக்கடத்தி. முப்பத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் கம்பியோடு வாழ்ந்தவனுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். இரண்டு நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் அவ்வளவு அழகானது.

கத்திரி வெயிலில் லைன் கம்பியின் மின்தடை ஏறும் என்பது உனக்குக் கைப்பாடம். அது ஏன் ஏறுகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உலோகத்துக்குள் அயனிகள், அதாவது எலக்ட்ரானை இழந்த அணுக்கள், வரிசையாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கு அப்படியே அசையாமல் நின்றால் எலக்ட்ரான் அதற்குள் தடையே இல்லாமல் போய்விடும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்; எலக்ட்ரான் வழியில் நிற்கும் அணுக்களில் முட்டி மோதுவதுதான் மின்தடை என்று நினைக்கிறார்கள். ஒழுங்கு எலக்ட்ரானுக்குத் தடையே இல்லை. ஒழுங்கு குலைவதுதான் தடை. அழுக்கு கலந்தாலும் குலையும், அயனிகள் ஆடினாலும் குலையும். வெப்பம் ஏற ஏற ஆட்டம் கூடுகிறது. ஒரு அயனி மட்டும் தனியாக ஆடவும் முடியாது, பக்கத்தில் இருப்பவற்றோடு சுருள்வில் கட்டிவிட்டது போலப் பிணைந்திருக்கிறது. ஒன்று அசைந்தால் அந்த அசைவு அலையாகப் படிகம் முழுவதும் ஓடும். ஒளிக்கு ஃபோட்டான் போல, இந்த அதிர்வலையின் ஆற்றல் துணுக்குக்கு ஃபோனான் என்று பெயர்.

சரி, செம்புக்கு மின்தடை ஏன் குறைவு? அங்கே எலக்ட்ரான்களுக்கும் படிக அதிர்வுக்கும் இடையே உறவு மிக லேசானது. ஒன்றை ஒன்று கண்டுகொள்வதே இல்லை என்று சொல்லலாம். காரீயத்தை எடுத்துக்கொள். சாதாரண வெப்பநிலையில் அதன் மின்தடை செம்பைப் போலச் சுமார் 12 மடங்கு. அங்கே எலக்ட்ரான் அடியெடுத்து வைத்த இடமெல்லாம் படிகம் குலுங்குகிறது. ஆனால் 7.2 கெல்வினுக்கு, அதாவது சுமார் மைனஸ் 266 டிகிரி செல்சியசுக்குக் கீழே அந்தக் காரீயம் மீக்கடத்தி. மின்தடை அடியோடு பூஜ்யம். அலுமினியம் நடுவில் நிற்கிறது: மின்தடை செம்பைவிடக் கொஞ்சம் கூட, 1.2 கெல்வின் வரை இறக்கினால் மீக்கடத்தி ஆகிறது. செம்பும் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு குளிர்வித்தாலும் ஆகக் காணோம். எல்லா உலோகங்களும் இந்த வரிசையில் அப்படியே வந்து நிற்காது. ஆனால் போக்கு இதுதான். மீக்கடத்தல் நடக்க எலக்ட்ரான்கள் ஜோடி சேர வேண்டும்; எந்த அதிர்வு எலக்ட்ரானைத் தடுக்கிறதோ அதே அதிர்வுதான் அவற்றை ஜோடி சேர்க்கிறது. செம்பில் தடுக்கவும் ஆள் இல்லை, சேர்த்துவைக்கவும் ஆள் இல்லை.

வகுப்பில் நான் இதை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். "ஃபோனான் வழியாக இரண்டு எலக்ட்ரான்கள் ஈர்க்கப்பட்டு கூப்பர் ஜோடி உருவாகிறது" என்று பிள்ளைகள் எழுதுவார்கள், மதிப்பெண் போடுவேன். இரண்டும் எதிர்மின்னூட்டம் உள்ளவை, ஒன்றை ஒன்று விலக்கத்தானே வேண்டும் என்று ஒரு பிள்ளையாவது எழுந்து கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கு விடை எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது போன வாரம், நெல்லையப்பர் தேரோட்டத்தில்.

ரத வீதி முக்கில் நின்றிருந்தேன். நாம் படிக்கிற காலத்தில் நிற்போமே, அதே இடம். தேர் வருகிறது என்றதும் திண்ணையிலிருந்தும் மாடியிலிருந்தும் சந்துக்குள்ளிருந்தும் ஜனங்கள் இறங்கி வந்தார்கள். வயதானவர்கள் படியிறங்கி வந்து சேர்வதற்குள் தேர் நகர்ந்துவிட்டது. ஆனால் நான் நின்ற இடத்தில் கூட்டம் அப்போதுதான் நெருக்கியடித்தது. தேர் அடுத்த முக்கைத் தாண்டிய பிறகும் அது கலையவில்லை. எதிர்ப்பக்கமிருந்து வந்த பலூன்காரர் நேராக அந்தக் கூட்டத்தைப் பார்த்து வந்தார். தேர் எங்கே என்று அவர் பார்க்கவே இல்லை.

அயனிகளும் இப்படித்தான். எலக்ட்ரான் கடக்கும்போது நேர்மின்னூட்டம் உள்ள அயனிகள் அதை நோக்கிச் சாய்கின்றன. ஆனால் அவை கனமானவை, மெதுவாகத்தான் அசையும். ஒரு அலைவுக்கு ஆகும் நேரம், ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடி கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவு. அந்த நேரத்துக்குள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போகும் எலக்ட்ரான் முந்நூறு அணுக்களைத் தாண்டிப் போய்விடுகிறது. அது போன பிறகு அங்கே அயனிகள் நெருங்கி நிற்கின்றன. நேர்மின்னூட்டம் கொஞ்சம் கூடிய இடம் அது. எதிர்த்திசையில் வரும் இன்னொரு எலக்ட்ரான் அந்த இடத்தை நோக்கி ஈர்க்கப்படுகிறது. முதல் எலக்ட்ரான்தான் அங்கே இல்லையே, விலக்கு விசைக்கு வேலையும் இல்லை. ஒரே இடம், ஆனால் வேறு வேறு நேரம். அந்தத் தாமதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் இரண்டு பேர் படுத்தால் நடுவில் சரிவார்கள் என்று வழக்கமாகச் சொல்லும் உதாரணத்தில் இந்தத் தாமதம் இல்லாததால் அது எனக்கு எப்போதும் ஒட்டவே இல்லை.

ஜோடி சேர்ந்ததோடு கதை முடியவில்லை. கோடானுகோடி ஜோடிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, எல்லாம் ஒரே நிலையில் நகர்கின்றன. ஒன்றை மட்டும் தட்டிவிட வேண்டுமென்றால் அந்த ஜோடியைப் பிரிக்கும் ஆற்றலைக் கொடுக்க வேண்டும். குளிரில் கிடக்கும் படிகத்திடம் அது இல்லை. வடம் பிடிக்கும் கூட்டத்தில் ஒருவர் கால் இடறினாலும் தேர் நிற்காது, அப்படி.

1911-இல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்தபோது 4.2 கெல்வின் அருகே மின்தடை சட்டென்று மறைந்ததைப் பார்த்தார். அதற்குப் பின் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. பிடி கொடுத்ததும் அதே பாதரசம்தான். 1950-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் பாதரசத்தின் ஐசோடோப்புகளைத் தனித்தனியாகச் சோதித்தன. வேதியியல் ஒன்றே, எலக்ட்ரான்கள் ஒன்றே, அணுக்கருவின் எடை மட்டும் வேறு. சராசரி அணுநிறை 199.5-ஆக இருந்தபோது மாறுநிலை வெப்பநிலை, அதாவது மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை, 4.185 கெல்வின், 203.4-ஆக இருந்தபோது 4.146 கெல்வின். உனக்குக் கணக்குப் போடப் பிடிக்குமே: 199.5-ஐ 203.4-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதால் 4.185-ஐப் பெருக்கிப் பார். மூன்றாவது தசமத்தில்தான் வித்தியாசம் வரும். சுருள்வில்லில் தொங்கும் குண்டின் அதிர்வெண்ணும் நிறையின் வர்க்கமூலத்துக்குத்தானே கட்டுப்படுகிறது! கரு கனத்தால் ஆட்டம் மெதுவாகிறது, மீக்கடத்தலும் அதே அளவுக்குத் தாழ்கிறது. அயனிகளின் ஆட்டம் இதில் பங்கெடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தக் குழுக்களில் ஒன்று பயன்படுத்திய பாதரசம்-198, தங்கத்தின் மீது நியூட்ரான் செலுத்தி உண்டாக்கியது. நம் ஊரில் ரசவாதம் என்று பாதரசத்தைத் தங்கமாக்கத் தலைமுறை தலைமுறையாக முயன்றார்கள். இவர்கள் தங்கத்தைப் பாதரசமாக்கி, அதில் இயற்கையின் ஒரு ரகசியத்தைக் கண்டுகொண்டார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே வருஷம், இந்த அளவீடுகளை அறியாமலேயே ஹெர்பர்ட் ஃப்ரோலிக் என்பவர் படிக அதிர்வுதான் காரணம் என்று கோட்பாட்டால் சொல்லிவிட்டார். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லாதது எனக்குப் பெரிய ஆதங்கம். 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் முழுக் கோட்பாட்டையும் எழுதினார்கள். 1972-இல் நோபல் பரிசு.

அப்புறம் நடந்த ஒன்றைக் கேள். மெக்னீசியம் டைபோரைடு என்று ஒரு பொருள். 1950-களிலிருந்தே தெரிந்தது, ரசாயனக் கடைகளில் காசு கொடுத்து வாங்கலாம். யாரும் அதைக் குளிர்வித்து மின்தடையை அளக்கவில்லை. 2001 ஜனவரியில் ஜப்பானில் அகிமிட்சுவின் குழு அது 39 கெல்வினில் மீக்கடத்தி ஆகிறது என்று அறிவித்தது. அத்தனை வருஷமும் பாட்டிலுக்குள் சும்மா இருந்திருக்கிறது! சில வாரங்களுக்குள் அமெரிக்காவில் ஏம்ஸ் ஆய்வகத்தார் போரான்-11-க்குப் பதில் போரான்-10 போட்டுப் பார்த்தார்கள். மாறுநிலை வெப்பநிலை ஒரு கெல்வின் ஏறியது. போரான் லேசானது, வேகமாக அதிர்வது, எலக்ட்ரான்களோடு நெருக்கமான உறவும் உள்ளது. அதைவிட லேசானது வேண்டுமென்றால் ஹைட்ரஜன்தான். ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் எரெமெட்ஸ் குழு 2015-இல் ஹைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்த பொருளை இரண்டு வைர முனைகளுக்கு இடையே வளிமண்டல அழுத்தத்தைப் போல 15 லட்சம் மடங்கு நசுக்கி, 203 கெல்வினில், அதாவது மைனஸ் 70 டிகிரி செல்சியசில் மீக்கடத்தலைக் கண்டது. அந்த அழுத்தத்தில் லைன் இழுக்க முடியாது என்று நீ சொல்வது கேட்கிறது. உண்மைதான். ஆனால் ஆட்டம்தான் காரணம் என்று 1950-இல் பாதரசம் சொன்னதை ஹைட்ரஜன் இவ்வளவு உரக்கச் சொல்லியிருக்கிறதே.

உன் செம்பை விட்டுவிடவில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து தாள் தாளாக அடுக்கப்பட்டால் செம்பும் கதையில் வருகிறது. 1986-இல் சூரிச்சில் பெட்நோர்ஸும் முல்லரும் தொடங்கிவைத்தார்கள். அடுத்த வருஷமே மாறுநிலை வெப்பநிலை 93 கெல்வினைத் தொட்டது. திரவ நைட்ரஜனே போதும், அது 77 கெல்வின்தான். அங்கே படிக அதிர்வு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பதே பெரும்பாலோர் கருத்து. எலக்ட்ரான்களின் சுழற்சிகள் (ஸ்பின்) தங்களுக்குள் பிணைவதுதான் மூலம் என்று 1987-இலேயே அமெரிக்க இயற்பியலாளர் ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதியவர் நம் ஜி. பாஸ்கரன், பிறகு சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் பல காலம் பணியாற்றினார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அதை நேரில் பேசுவோம்.

இப்போது ஸ்கேன் அறை. இவளை உள்ளே அனுப்புவதற்கு முன்பு, இயந்திரம் ஓடாதபோதே, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. சிக்... சிக்... சிக்... நாள் முழுக்க, ராத்திரியும் கேட்குமாம். "அது ஹீலியத்தைக் குளிரா வச்சுக்கிற மெஷின் சார், நிறுத்தவே மாட்டோம்" என்றார் அங்கே வேலை செய்த தம்பி. மேசைத் திரையில் ஹீலியம் எவ்வளவு மிச்சம் என்று சதவீதக் கணக்கு. ஸ்கேன் இயந்திரத்தின் உருளைக்குள் கிலோமீட்டர் கணக்கில் சுற்றிய மீக்கடத்திக் கம்பி. ஒருமுறை மின்னோட்டத்தை ஏற்றி இரு முனைகளையும் இணைத்துவிட்டால் வருஷக்கணக்கில் தானே சுற்றிக்கொண்டிருக்கும். கம்பி என்ன தெரியுமா? நியோபியம்-டைட்டானியம் இழைகள். மயிரைவிட மெல்லியவை. அவற்றைச் சுற்றிலும் பொதிந்திருப்பது உன் செம்பு. குளிர் இருக்கும்வரை அதன் வழியே மின்னோட்டம் போவதில்லை. எங்காவது சூடேறி மீக்கடத்தல் அறுந்துபோனால், அந்தக் கணத்தில் மின்னோட்டம் முழுவதையும் தன் மேல் வாங்கி, இழைகள் எரிந்துபோகாமல் காப்பது செம்புதான். அந்த வேலைக்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது.

இவள் வெளியே வந்து, "உள்ளே ஒரே தட்டுச் சத்தம், காது போச்சு" என்றாள். எனக்கு அந்தச் சிக் சிக்கே காதில் இருந்தது.

கல்யாணத்துக்கு வரும்போது அல்வா கொண்டுவருகிறேன், எத்தனை கிலோ என்று மட்டும் எழுது. மாப்பிள்ளை என்ன படித்தவர் என்று நீ எழுதவே இல்லையே? தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
பழைய அறைத்தோழன்.