சி டிரைவ் சிவப்பு

அன்புள்ள காந்திமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. போனில் நீ "ம்", "சரிப்பா" தவிர வேறு பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது "எனக்கு வேண்டாம்ப்பா, வச்சுக்கோங்க" என்று விட்டுப் போனாயே லேப்டாப், அதைத் திறந்தேன். சி டிரைவ் சிவப்பாக நிற்கிறது. 256 ஜிபியில் மிச்சம் மூன்றுதான். ஜங்ஷனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனால் அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சவத்தை ஃபார்மட் அடிச்சிருவோம் அண்ணாச்சி" என்கிறான். ரெக்கார்டு ரூமிலேயே காலம் தள்ளினவனிடம் சொல்கிற பேச்சா இது? என் மகள் பெங்களூரில் இந்த வேலையில்தான் இருக்கிறாள், அவளிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். அணைக்காமல் தூங்கவைத்தால் திறந்திருந்த வேலையைச் சேமித்து வைக்கிற ஹைபர்னேட் கோப்பு மட்டும் ஆறு ஜிபி. ஷட்டவுன் செய்து மூடுகிறவனுக்கு அது எதற்கு, நிறுத்திவிட்டேன். செட்டிங்ஸில் டெம்பரரி ஃபைல்ஸ் என்று ஒரு பட்டியல் வரும். அதில் டவுன்லோட்ஸும் சேர்ந்தே நிற்கும். கவனிக்காமல் டிக் போட்டால் எல்லாம் போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனபோது 'ரிலீவிங் லெட்டர்' என்று ஒரு பிடிஎஃப் கண்ணில் பட்டது. டிசம்பர் தேதி. நான் திறக்கவில்லை. சிநேகிதி யாராவது உனக்கு அனுப்பியிருப்பாள். டவுன்லோட்ஸில் எதையும் அழிக்கவில்லை.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதே என்று, இடம் கிடைத்ததும் 11 ஏற்றினேன். மறுபடியும் சிவப்பு! பார்த்தால் பழைய விண்டோஸ் முழுசாக ஒரு ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது. புதியது ஒத்துவரவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதுக்கே திரும்பலாமாம், அதற்கப்புறம் அதுவே அழிந்துவிடும். அவசரம் ஒன்றும் இல்லை என்று விட்டுவைத்திருக்கிறேன். பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுகளும் போய்விட்டன, புதிதாக ஒன்று போட்டேன். ஆனால் ஒன்று, ரீஸ்டோர் பாயின்ட் விண்டோஸையும், சாதனங்களை இயக்குகிற டிரைவர்களையும், புரோகிராம்களையும்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும். உன் படங்களையோ சர்டிஃபிகேட்டையோ மீட்டுத் தராது. அதற்குத் தனியாகக் காப்பி வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் செய்யாமல் விடுவது.

காப்பி எடுத்தால் மட்டும் போதாது, வேறு இடத்தில் வைக்க வேண்டும். 2023 வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டு என்ன ஆனது என்று நீயும் பார்த்தாய். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே அதன் காப்பி இருந்த ஹார்டு டிஸ்க், இரண்டும் சேறு. உன் கல்லூரிப் படங்களெல்லாம் அதோடு சரி. இந்த முறை உன் ஃபோல்டர்களை இரண்டு காப்பி எடுத்து, ஒன்றைப் பாளையங்கோட்டையில் பெரியப்பா வீட்டு மாடியில் வைத்துவிட்டேன். 32 ஜிபி பென் டிரைவில் ரெக்கவரி டிரைவும் போட்டாயிற்று. லேப்டாப் கிளம்பாமல் போனாலும் அதைச் செருகிக் கிளப்பலாம். சர்டிஃபிகேட், சம்பளச் சீட்டு எல்லாம் உன்னிடமும் ஒரு காப்பி இருக்கட்டும். போனில் மட்டும் வைத்திருக்காதே. இரண்டு இடம், ஞாபகம் வைத்துக்கொள்.

ஏட்டி, இந்த லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டு நீ எதில் வேலை பார்க்கிறாய்? வேண்டுமென்றால் சொல், துடைத்துப் பேக் செய்து கூரியரில் அனுப்பிவிடுகிறேன். இப்போது வேகமாகத்தான் ஓடுகிறது.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நெல்லையப்பர் கோவிலுக்குப் போய்விடுவாள், வர பத்து மணி ஆகும். அப்போது கூப்பிடு. கேட்டால் பாஸ்வேர்டு விஷயம் என்று சொல்லிக்கொள்கிறேன். உன் வீட்டு வாடகை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடு.

அப்பா